நிறவட்டம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று எழுதிவைத்து, வட்டத்தை ஆறாகப் பிரித்து வண்ணம் தீட்டியதோடு பல பள்ளிகளில் நிறப் பாடம் முடிந்துவிடுகிறது. குழைக்காமல் இரு நிறங்களை அருகருகே வைத்தால் அவை ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை அந்த வட்டம் சொல்வதில்லை.

ஒரே சாம்பல் தாளில் இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் மாணவர்களை ஒட்டச் சொல்வேன். கறுப்பின் மேல் இருப்பது வெளிறியும், வெள்ளையின் மேல் இருப்பது அடர்ந்தும் தெரியும். இரண்டும் ஒரே தாளில் வெட்டியவை அல்ல என்று வெட்டிய பிள்ளையே வாதிடும். ஆரஞ்சுத் தாளுக்கு மாற்றினால் அதே சாம்பலில் நீலம் படிந்தாற்போல் இருக்கும். இதைவிடக் கடினமானது, வெவ்வேறான இரண்டு நிறங்களைப் பின்னணியை மாற்றி மாற்றி ஒன்றுபோலத் தோன்றவைப்பது. அதற்குப் பொறுமையும் ஒரு கூடை துண்டுத் தாள்களும் வேண்டும். இப்பயிற்சிகளை அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடத்திய ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ், வண்ணக் குழம்பைவிடத் தாளையே விரும்பினார். குழைத்த நிறத்தை மறுபடி அதேபோல் கொண்டுவருவது அரிது. தாளின் நிறமோ எத்தனை முறை வெட்டினாலும் மாறாது.

இது ஓவியர்களுக்கு மட்டும் உரிய நுட்பமன்று. பாரிஸின் கோப்லன் சித்திரத் திரைச்சீலை ஆலையில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ருலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகார் வந்தது. அவர் பிற இடங்களின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சாயத்தில் குறையில்லை என்று கண்டார். அருகில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்திருந்தன. அந்த ஆய்வை 1839-இல் நூலாகவே வெளியிட்டார். நெடுக்கு இழையான பாவுக்கு ஒரு நிறமும் குறுக்கு இழையான ஊடைக்கு வேறொரு நிறமும் கொடுத்து மயில்கழுத்து நிறத்தை வரவழைக்கும் நம் பட்டு நெசவாளர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓவிய வகுப்பில் வட்டம் வரைந்துகொண்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிளேஸ் பேப்பர், கத்தரிக்கோல், பசை ஆகியவற்றுக்கு மேல் செலவில்லை. ஆண்டுத் தேர்வில் நிறவட்டம் வரையச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக, ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டும்படி ஒரேயொரு கேள்வி கேட்கப்பட்டாலும், இப்பயிற்சி தானாகவே வகுப்பறைக்குள் வந்துவிடும். பாடத்திட்டம் வகுப்போர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
காஞ்சிபுரம்.