செயலாளரின் ஆண்டறிக்கை: மனநோயர் குடும்பத்தார் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிகிச்சையில் உள்ள உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் முதன்முதலாகத் தொடங்கியது நமது திருச்சி மாவட்டத்தில்தான். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அது வேளை தவறாமல் உள்ளே போகிறதா என்பதே இவ்வாண்டும் நமது சங்கத்தின் கவலையாக இருந்தது.

மாத்திரையை நிறுத்துபவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று முடிவுகட்டியே பழகியிருந்த நாம், இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் அவர்களையே பேசவிட்டோம். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரையால் உடல் பெருத்து, தங்கையின் திருமணத்தில் நிற்கக் கூச்சப்பட்டு நிறுத்தியவர் ஒருவர். ஹாலோபெரிடாலால் கை நடுங்கி, டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் நிறுத்தியவர் மற்றொருவர். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்னோர் உறுப்பினரின் மகன், எப்போதும் வெள்ளையாக இருந்த மாத்திரை வேறு கம்பெனித் தயாரிப்பாக மஞ்சள் நிறத்தில் வந்ததும், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அஞ்சி ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. இப்போது அந்த அம்மா பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அச்சாகியுள்ள மருந்தின் பெயரை மகனையே வாசிக்கச் சொல்கிறார். மருந்து கொடுக்கும் இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

உணவில் கலந்து கொடுப்பது பற்றிச் செயற்குழுவில் காரசாரமாகப் பேசினோம். நானும் அதைச் செய்தவன்தான். இட்லிப் பொடியில் இடித்துக் கலந்தேன். கசப்பைக் கண்டுகொண்ட என் தம்பி அதன்பின் மூன்று மாதம் வீட்டுச் சோற்றைத் தொடவே இல்லை. மீண்டும் நோய் முற்றினால் தனக்கு எவ்வாறு சிகிச்சை தரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை அளித்திருப்பதால், தெளிவாக இருக்கும் நாட்களிலேயே அதை எழுத உதவுவது என்றும், தினமும் விழுங்கத் தயங்குபவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது என்றும் முடிவு செய்தோம்.

மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் கத்திரி வெயிலில் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, நடை தள்ளாடும்; குடித்துவிட்டு வந்ததாக நினைத்து வீட்டார் திட்டிய சம்பவமும் நம்மிடையே நடந்தது. அளவு பார்க்க, கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும்.

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனநோய்க்குத் தரப்படும் குளோசபின் ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், அதைத் தொடங்குபவர்களுக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணுப் பரிசோதனை உண்டு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது 18 நாள் கூலி. இக்காரணத்தால் நின்றுபோன சிகிச்சையை இவ்வாண்டும் நம்மால் தொடரவைக்க முடியவில்லை. இப்பரிசோதனைக்குக் காலை வேளையில் துணைக்குச் செல்லக்கூடியவர்கள், பொருளாளர் கணக்கு வாசித்து முடித்ததும் அவரிடமே பெயர் கொடுக்கலாம்.

நன்றி.

செயலாளர்