ஆர் ஆற்றங்கரைக்குப் போய் வந்தேன்

அன்பு மகள்,

போன ஞாயிறு ரெலிபோனில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "வெள்ளம் அள்ளிக்கொண்டு போன இடத்திலேயே திரும்பவும் வீடு கட்டுகிறார்களே, இவர்களுக்கு என்ன விசரா அப்பா?" என்றாய். அதற்குள் அம்மா, பேரன் சாப்பிட்டானா என்று கேட்க ரெலிபோனைப் பறித்துவிட்டாள். கேள்வி எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. சரி என்று செவ்வாய்க்கிழமை, 2021இல் வெள்ளம் அள்ளின அந்த ஜேர்மன் ஆற்றங்கரை ஊரான மைஷோஸுக்கு ஒரு நடை போய் வந்தேன்.

உனக்கு அந்த ஊர் ஞாபகம் இருக்க வேண்டும். ரெமாகனில் ரெயின் ஏறிப் போவோம். ஆற்றின் பெயர் ஆர் (Ahr) என்று சொன்னதும், "இது ஆர் ஆறு? ஆர் ஆறு?" என்று நீ வழி முழுக்கக் கேட்டுக்கேட்டுச் சிரித்தாய். பிளாங்கன்ஹைம் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டின் நிலவறைக்குள் ஊற்றெடுத்து, சுமார் 85 கிலோமீற்றர் ஓடி ரைன் நதியில் விழுகிற சின்ன ஆறு. கோடையில் முழங்கால் நனைய இறங்கிக் கடக்கலாம். நீயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறாய்.

மைஷோஸில் ஆயிரம் சனம்கூட இல்லை. ஊருக்கு மேலே குன்றில் சாஃபன்பூர்க் கோட்டையின் இடிந்த சுவர்கள். 1081ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே அதன் பேர் இருக்கிறது. 1704இல் இடித்துப்போட்டார்கள். கோட்டைக்கு அவ்வளவுதான் கதை. எனக்கு அந்தக் கோட்டையைவிட அதைச் சுற்றியுள்ள மதில்களில்தான் கண். செங்குத்துச் சரிவில் படி படியாய் அடுக்கின கறுப்புக் கல், நாங்கள் அரிவரியில் எழுதின அதே சிலேற்றுக் கல். வந்த புதிதில் ஓர் ஐப்பசி மாதம் அங்கே முந்திரிகை (திராட்சை)க் குலை வெட்டப் போனேன். முதுகில் தொட்டி, கையில் கத்தரிக்கோல், கால் வைத்த இடமெல்லாம் கல் சறுக்கும். பொழுதுபட்டு விரல் விறைத்தபோது, கூட வேலை செய்த கிழவர் என் கையைப் பிடித்து அந்த மதிலில் வைத்தார். மத்தியான வெயில் இன்னும் கல்லுக்குள் இருந்தது. இந்தக் குளிர்நாட்டில் சிவப்பு வைன் விளைவதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம் என்று அவர் கையாலேயே விளங்கப்படுத்தினார். எனக்கு அப்போது டொச் தெரியாது.

விளைவித்தவனுக்கு அந்த நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. வியாபாரி வைத்ததுதான் விலை. 1868இல் 18 விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். உலகத்திலேயே பழைய முந்திரிகைக்காரர் கூட்டுறவுச் சங்கம் அதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் சீவல் தொழிலாளர் சங்கம் வைத்துக் கள்ளு விற்றதும் இதே கணக்குத்தான். தனியாகப் போனால் விலை பேச முடியாது.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். 2021 ஜூலை 14 இரவு இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து அல்டெனாரில் ஆற்றின் உயரம் பார்க்கும் மானி 5.75 மீற்றர் காட்டிவிட்டு ஆற்றோடு போய்விட்டது. தண்ணீர் ஏறத்தாழ 10 மீற்றர் வந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். அதற்கு முன்னே மானி கண்ட அதிகபட்சம் 2016இல் 3.71. ஆகவே எல்லாரும் அந்த 3.71ஐ மனதில் வைத்துக்கொண்டு, கீழ்மாடிச் சாமானை ஒரு படி மேலே ஏற்றிவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

ஆனால் பிள்ளை, இந்த ஆறு இப்படிச் செய்தது இது முதல்தரம் இல்லை. 1804 ஜூலையில் வந்தது, 63 பேர் போனார்கள். 1910 ஜூனில் வந்தது, 50 பேருக்கு மேல். அதில் பலர் புது ரெயில் பாதை போட வெளியில் இருந்து வந்து கரையோரக் கொட்டில்களில் படுத்திருந்த கூலிகள். வேறு இடத்தில் இருந்து பிழைக்க வந்தவனுக்கு எந்த இடத்தில் படுக்கக் கூடாது என்று யார் சொல்லுவார்கள்? அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வெள்ளம் எதுவரை வரும் என்று ஆபத்து வரைபடம் கீறினவர்கள் மானி வைத்த காலத்துக்குப் பிந்தின கணக்கைத்தான் எடுத்தார்கள். மானி வைத்ததே இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். கட்டினதில் இல்லை.

பக்கத்து ஊர் ரெஹ்ஹில் நாங்கள் நின்று படம் எடுத்த கல்பாலம் இனி இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாலம், 1804க்கும் 1910க்கும் அசையாமல் நின்றது. இந்த முறை மரமும் காரும் கரவனும் வந்து வளைவுகளை அடைக்க, ஒரு பகுதி உடைந்தது. மிச்சத்தை 2023இல் அவர்களே இடித்தார்கள். குறுகின வளைவு அடுத்த வெள்ளத்தையும் மறிக்கும் என்பதுதான் காரணம். ஊரில் அதற்குப் பெரிய சண்டை. என்னைக் கேட்டால் இடித்தது சரி, ஆனால் அந்த வெறும் இடத்தைப் பார்க்க மனம் ஏலவில்லை.

மைஷோஸுக்கு அந்த நாட்களில் எல்லாத் தெருவும் அறுந்து, ஹெலிகொப்ரரில்தான் சாமான் வந்தது. கோயிலைக் களஞ்சியமாக்கினார்கள். உள்ளே ஒரு சீமாட்டியின் கறுப்புச் சலவைக்கல் கல்லறை இருக்கிறது, நீ பயந்து அழுதாயே, அதே கோயில்தான். கோட்டை இடிந்தபோதும் வியாபாரி ஏய்த்தபோதும் அந்தச் சனம் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்ட சனம். இதற்குப் போகச் சொன்னால் போவார்களா? சரிவு முழுக்கப் பாட்டன் அடுக்கின மதில். அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பள்ளத்தாக்கு முழுக்க 34 வீடுகளை மட்டும் அதே இடத்தில் கட்டக் கூடாது என்றார்கள். அது காணாது என்று நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஊரை விட்டு வந்தவன் நான். விடாமல் இருக்கிறவனை விசரன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளத்தில் மூழ்கின நிலவறைகளில் இருந்து எடுத்த வைன் போத்தல்களைச் சேறும் அழுக்குமாய் அப்படியே விற்று 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்த்தார்கள். நானும் ஒன்று வாங்கி, ஷோகேசில் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மா அதை விம் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். "எத்தனை வருஷமாய் ஊத்தைப் போத்தலை வைத்திருக்கிறீர்கள்" என்று எனக்குத்தான் ஏச்சு. கழுத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அப்பா