அந்த சைக்கிளில் விளக்கு இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையை அடுத்து, கேரள எல்லையில் இருக்கும் புளியரை அருகே பால்காரர் ஒருவர் லாரியில் அடிபட்ட செய்தியில், 'விளக்கு இல்லாத சைக்கிளில் வந்ததே விபத்துக்குக் காரணம்' என்று எழுதியிருந்தீர்கள். வெகுகாலமாக உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவன் நான். அந்த வரி மனதை நோகடித்துவிட்டது.

விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தியவன் நான்தான். ஹேண்டில்பாரில் டியூப் ரப்பரால் கட்டியிருந்த டார்ச் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பால் கேன் மறைக்கும் என்று பால்கார அண்ணாச்சி பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றி, மட்கார்டின் அடியில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அது உடையக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு கிடப்பவர், "லைட் எரிஞ்சத நீ பாத்தேல்லா?" என்று என்னிடம் கேட்கிறார்.

ரிஃப்ளெக்டர் தானாக எரியாது. லாரி வெளிச்சம் பட்டால் அதை அந்த டிரைவர் பக்கமே திருப்பி அனுப்பும். பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால், போவது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். ஆனால் எதிரே வருகிறவர் லைட்டை டிம் செய்யாவிட்டால் யார் கண்ணுக்கு என்ன தெரியும்? கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்புகிற லாரிகளில் டிம் செய்கிறவர்கள் அபூர்வம்.

அப்புறம், ராத்திரி சாலையோரம் நிறுத்திப் போடுகிற லாரிகள். பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ஒட்டியிருக்கும் சிவப்புப் பட்டையும் சேறு அப்பிக் கிடக்கும். அதைச் சுற்றிப் போகத்தான் சைக்கிள்காரர் நடுரோட்டுக்கு வருகிறார். தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போகும்போது நானும் அப்படித்தான் போகிறேன். இதை உங்கள் நிருபர் ஒருநாளாவது எழுதியதுண்டா?

அந்தக் காலத்தில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடும். சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை மாட்டி ஓட்டினோம். சட்டம் எப்போதும் எங்கள்மேல்தான் பாய்ந்தது. சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு 2020இல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. நல்லதுதான். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளின் விலையில்லா சைக்கிள் ஒன்றில்கூட விளக்கு இல்லை. டியூஷன் முடிந்து இருட்டில்தான் வருகிறார்கள். டைனமோ வாங்கலாம் என்றால் கடையில், "அதெல்லாம் இப்ப வர்றதில்லை" என்கிறார்கள். 1956இல்தான் எங்கள் செங்கோட்டைப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை ஊர் என்றால் இன்றைக்கும் இளக்காரம்தான்.

இரண்டு வரி திருத்தம் போடுங்கள். நிற்கும் லாரிகளின் பின்விளக்கைப் போலீஸ் பார்க்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் வேண்டும். சாரல் மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், புளியரை