ஜப்பானில் பதிவு கிடைத்தது: என் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

ஜப்பானில் வெளிநாட்டுச் சட்ட வழக்கறிஞராக என் பெயர் போன வாரம் பதிவாகிவிட்டது. அங்குள்ள கோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் டோக்கியோவில் இருந்தபடி இந்தியச் சட்டம் பற்றி என் பெயரிலேயே ஆலோசனை சொல்லலாம்.

முதல் நன்றி மதுரையில் என் சீனியரின் குமாஸ்தா அண்ணனுக்கு. இந்தப் பதிவுக்கு மூன்று வருடத் தொழில் அனுபவத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஒரு சாயங்காலம் போனில் சொன்னேன். மறுநாளே அண்ணன் பரணில் ஏறி, பழைய கேஸ் கட்டுகளை இறக்கி, நான் கையெழுத்துப் போட்ட வக்காலத்து நகல்களை வருட வாரியாகப் பிரித்து ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டார். அண்ணே, உங்களுக்குத் தூசி ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

சீனியர் ஐயா, வேலை குவிந்து கிடந்த நேரத்திலும் "போய்ப் படிச்சிட்டு வாப்பா" என்று பரிந்துரைக் கடிதம் தந்தீர்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையும் கிடைத்ததால்தான் ஃபுகுவோகா போக முடிந்தது.

அங்கே கியூஷு பல்கலைக்கழகத்தில் 1994 முதலே ஆங்கிலத்தில் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு நடக்கிறது. என் பேராசிரியர் ஒருநாள் ஜப்பானிய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். எட்டே பக்கம். கடைசிப் பிரிவில், இதில் சொல்லாத பிரச்சினை வந்தால் இருதரப்பும் மனப்பூர்வமாகப் பேசித் தீர்த்துக்கொள்வது என்று இருந்தது. இதை எந்தக் கோர்ட் அமல்படுத்தும் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜப்பானிய சிவில் சட்டத்தைத் திறந்து முதல் பிரிவைக் காட்டினார். உரிமையைக் கேட்பதும் கடமையைச் செய்வதும் நம்பிக்கையோடும் நேர்மையோடும் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த மண்ணில் அந்தக் கடைசிப் பிரிவு வெறும் பேச்சில்லை. இன்று சென்னை பக்கத்து ஒரகடத்துக்கு வரும் ஜப்பான் கம்பெனிகளுக்கு நம்மூர் ஒப்பந்தம் ஏன் அறுபது பக்கம் போகிறது என்று பொறுமையாக விளக்குகிறேன் என்றால், அது அவர் கொடுத்தது.

டோக்கியோ அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் அம்மாவுக்கும் நன்றி. "கென்தோ ஷிமாசு", அதாவது பரிசீலிக்கிறோம் என்று கட்சிக்காரர் சொன்னதும் சந்தோஷப்பட்டு எழுந்தேன். அந்த அம்மா ஒரு துண்டுச் சீட்டில் "பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தம்" என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார். அந்தச் சீட்டு இன்னும் என் டைரியில் இருக்கிறது.

பொங்கலுக்கு மதுரை வருகிறேன். அண்ணே, கட்டுகளை அப்படியே வைத்திருங்கள். பரணில் நானே ஏற்றி வைக்கிறேன்.