ஆயில் போட்ட கண்ணில் ட்யூப்

அன்புள்ள மலருக்கு,

ரெட்டினாவுக்கு (விழித்திரைக்கு) ஆபரேஷன் ஆன கண்ணில் அழுத்தம் ஏறினால், உள்நீரை வடிக்கும் ட்யூப் கருவிகளில் எதை வைப்பது, அகமத் வால்வா, மதுரை ஆரோலேபின் ஏஏடிஐயா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ரெட்டினா டாக்டர் எழுதிய ஆபரேஷன் நோட்டைத் தேடிப் படி. ரெட்டினாவைத் தாங்க ஊற்றிய சிலிக்கான் ஆயில் உள்ளே இருக்கிறதா, வெளியே பக்கிள், அதாவது கண்ணைச் சுற்றிய பேண்ட், கட்டியிருக்கிறதா என்று தெரியாமல் ட்யூபுக்கு இடம் பார்க்காதே.

ஆயில் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். வழக்கம்போல மேல்பக்கம் ட்யூபை நுழைத்தால், நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் ஆயில் அதன் வாய்க்கு வந்துவிடும். ட்யூப் அடைக்கும், இல்லையென்றால் ஆயில் வழிந்து கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்திய கன்ஜங்டைவா சவ்வுக்கு அடியில் குமிழ் குமிழாகத் தங்கும். அதனால் கீழ்ப்பக்கம்தான் வைக்க வேண்டும். தண்ணீரைவிடக் கனமான ஹெவி ஆயில் என்றால் கணக்கு தலைகீழ். ஆயிலை எடுத்தாயிற்று என்று நோட்டில் இருந்தாலும் கோனியோஸ்கோப் லென்ஸ் வைத்து, கருவிழியும் ஐரிஸும் சேரும் கோணத்தின் மேல்பக்கத்தைப் பார். பொடித் துளிகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கீழே வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. பழைய ஆபரேஷனில் கன்ஜங்டைவா தழும்பேறிச் சுருங்கியிருக்கும், இழுத்து மூடினால் பின்வாங்கும். ட்யூப் வெளியே தெரிந்தால் கிருமி நேராக உள்ளே போகும். ட்யூபின் மேல் ஸ்கிளீரா பேட்ச் (தானக் கண்ணின் வெள்ளைச் சுவர்த் துண்டு) வைக்காமல் மூடாதே. ட்யூபின் மறுமுனையில் உள்ள பிளேட்டைக் கருவிழி ஓரமான லிம்பஸிலிருந்து 8-10 மி.மீ. பின்னால் தைப்போம் அல்லவா, பக்கிள் இருந்தால் அங்கே இடம் நெருக்கும். பேண்டைச் சுற்றி வளர்ந்த தழும்பு உறை கெட்டியாக இருந்தால் ட்யூபை அந்த உறைக்குள்ளேயே விடலாம்.

ட்யூபை முன்பக்கம் விடாமல், ஐரிஸுக்குப் பின்னாலுள்ள பார்ஸ் பிளானா வழியாக விடுவதாக இருந்தால், ஓரத்து விட்ரியஸை, அதாவது கண்ணை நிரப்பும் ஜெல்லை, ரெட்டினா டாக்டர் சுத்தமாக மழித்திருக்க வேண்டும். மிச்சமிருந்தால் அதுவே ட்யூபில் போய் அடைத்துக்கொள்ளும்.

இனி உன் கேள்வி. அகமத் என்றால் உப்புநீரைச் செலுத்தி வால்வைத் திறந்துவிட்டுத்தான் வை, மறந்தால் இதழ்கள் ஒட்டியே கிடக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் அழுத்தம் ஏறினால் உடனே அடைப்பு என்று பிரிக்காதே. பிளேட்டைச் சுற்றி உறை தடிக்கும் காலம் அது, சொட்டு மருந்து போட்டுப் பார். ஏஏடிஐயில் வால்வே கிடையாது, பிளேட் 350 சதுர மி.மீ. ட்யூபைக் கட்டிவைத்த விக்ரில் நூல் முடிச்சு ஐந்தாறு வாரத்தில் கரைந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். விட்ரெக்டமி ஆன, அதாவது விட்ரியஸை எடுத்துவிட்ட கண்ணில் தாங்க ஜெல் இல்லை, ரெட்டினாவுக்கு அடியிலுள்ள கோராய்டு அடுக்கு பிரியும், ரத்தம்கூடக் கசியும். அந்த வாரம் நோயாளியைக் கட்டாயம் வரச்சொல். முக்கினால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும், அதனால் இருமல், மலச்சிக்கல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு மருந்து கொடு.

நோட்டில் எதுவும் புரியவில்லை என்றால் ரெட்டினா டாக்டருக்கே போன் போடு, கூச்சப்படாதே.

அன்புடன்,
அம்மா