எண்ணெய் நிறுவன லாபத்துக்கு நிலையான வரிச் சட்டம் வேண்டும்: ஒன்றிய நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம்
2025 ஏப்ரல் 28

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்பதால் படகுகள் அனைத்தும் கரையில் நிற்கின்றன. வலையைச் சீர் பார்ப்பதும், பலகை மாற்றுவதும், வண்ணம் அடிப்பதுமாகத் துறைமுகத்தில் நாட்கள் நகர்கின்றன. ஓராண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் படகுக்காரர்களிடம் ஒப்படைக்க எனக்குக் கிடைக்கும் காலமும் இதுதான். அந்தப் பேரேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கோரிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். எண்ணெய் நிறுவனங்கள் அடையும் எதிர்பாராத லாபத்தின் மீதான வரியை, தெளிவான விதியும் வரம்பும் உள்ள சட்டமாக நாடாளுமன்றத்தில் தாங்கள் கொண்டுவர வேண்டும். அந்த வரி நிறுவனத்தின் லாபத்தில் விழ வேண்டும். நாங்கள் வாங்கும் லிட்டரில் விழக் கூடாது. அதில் சேரும் பணத்தில் மாநிலங்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

படகு கரை திரும்பியதும் ஏலத்தில் வந்த தொகையை எழுதி, அதன் கீழே நான் முதலில் கழிப்பது டீசலை. பிறகு ஐஸ், பலசரக்கு, தண்ணீர், தரகு. இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரியும். மாதச் சம்பளம் என்று இங்கே எவருக்கும் கிடையாது. ஆகவே டீசலில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் படகு உரிமையாளரின் பையிலிருந்து போவதைப் போலவே கடலில் வலை இழுத்தவரின் கூலியிலிருந்தும் போகிறது. கடந்த பிப்ரவரியில் ஒரு படகு ஒரு வாரம் கடலில் தங்கிவிட்டு வந்தது. 1,500 லிட்டர் டீசல் எரிந்திருந்தது, பாடு, அதாவது கிடைத்த மீன், சுமார்தான். செலவு போகப் பங்கு பிரித்தபோது ஒரு தொழிலாளியின் கைக்கு ஏழு நாளைக்கு 2,300 ரூபாய் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீசல் என்று நான் எழுதியிருந்த இடத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

தமிழ்நாடு அரசு மீன்பிடிப் படகுகளுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு டீசலை விற்பனை வரி இல்லாமல் வழங்குகிறது. அது தீர்ந்துவிட்டால் வெளி பங்க் விலைதான். வரி விலக்குடன் வாங்கும் டீசலிலும் ஒன்றிய அரசின் கலால் வரி (2025 ஏப்ரல் நிலவரப்படி லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு) அடங்கியே இருக்கிறது.

2022 ஜூலை 1 அன்று தாங்கள் எடுத்த முடிவை நான் வரவேற்றவன். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, அந்த ஆண்டு மார்ச்சில் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது. இங்கே தரைக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் அதே உலக விலை கிடைத்ததால், தோண்டும் செலவு ஏறாமலேயே நிறுவனங்களுக்கு வருமானம் ஏறியது. எண்ணெய் எடுக்கும் ஒன்றிய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி 2021-22ஆம் ஆண்டில் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் காட்டியது. அந்த நிலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாயும், ஏற்றுமதியாகும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும், பெட்ரோலுக்கும் விமான எரிபொருளுக்கும் 6 ரூபாயும் வரி விதித்தீர்கள். லாபம் ஈட்டுவதைத் தாங்கள் குறை சொல்லவில்லை என்றும், உள்நாட்டில் எண்ணெய் கிடைக்காதபோது பெருலாபத்துக்கு ஏற்றுமதி நடந்தால் அதில் ஒரு பகுதி நம் குடிமக்களுக்கு வேண்டும் என்றும் அப்போது தாங்கள் விளக்கிய பொருள் எனக்கு நினைவிருக்கிறது. அது சரியான நியாயம். அந்த நியாயத்தை அதன் முழு நீளத்துக்கும் கொண்டு செல்லுங்கள் என்றே இப்போது கேட்கிறேன்.

அந்த வரி 29 மாதங்கள் நீடித்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாறியது. கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாயாக இருந்தது அதே ஜூலை 20ஆம் நாள் 17,000 ஆனது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் பூஜ்ஜியமானது. அதே மாதம் மீண்டும் 6,400 ஆனது. மே மாதம் மறுபடியும் பூஜ்ஜியமானது. 2024 டிசம்பர் 2 அன்று முற்றிலுமாக நீக்கப்பட்டது. எந்த விலைக்கு மேல் லாபம் எதிர்பாராதது ஆகிறது, அதில் எத்தனை விழுக்காடு அரசுக்கு வர வேண்டும் என்பதை நாடாளுமன்றம் விவாதித்து எழுதிய சட்டம் ஒன்று இருந்திருந்தால், நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும், எங்களுக்கும் தெரிந்திருக்கும். எண்ணெய் விலை இறங்கியதும் வரி தானாகவே அடங்கியிருக்கும். ஏறியதும் தானாகவே எழுந்திருக்கும். நீக்குவதற்கான தேவையே வந்திருக்காது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த வரி எண்ணெய் எடுப்பவர்களையும் ஏற்றுமதி செய்பவர்களையும் தொட்டது. எங்களுக்கு நேரே விற்பவர்களைத் தொடவில்லை. 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு நிறுவனங்கள் சில்லறை விலையை ஏறக்குறைய அப்படியே நிறுத்தின. கச்சா விலை உச்சியில் இருந்தவரை அவற்றுக்கு அது இழப்பு, மறுப்பதற்கில்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2022-23இல் ஈட்டியது சுமார் 1,100 கோடிதான். சமையல் எரிவாயு இழப்புக்காக 22,000 கோடி ரூபாய் மானியமும் அரசு கொடுத்தது. ஆனால் கச்சா விலை இறங்கிய பிறகும் பங்க் விலை இறங்கவில்லை. அடுத்த ஆண்டான 2023-24இல் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் ஏறத்தாழ 81,000 கோடி. இதற்கிடையில், போருக்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு விழுக்காடு அளவுக்குக்கூட இல்லாத ரஷ்யக் கச்சா எண்ணெய், தள்ளுபடி விலையில் வந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. விலைக் குறைப்பு வந்தது 2024 மார்ச்சில், லிட்டருக்கு 2 ரூபாய், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்திய நாட்களில்.

முந்தைய ஆண்டின் இழப்பை அடுத்த ஆண்டின் லாபத்தில் ஈடுகட்டிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒரு கணக்கு எழுதுபவனாக ஒப்புக்கொள்கிறேன். எங்கள் படகுகளிலும் அப்படித்தான். எவ்வளவு ஈடு, எதற்கு மேல் அதிகம் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியம் 2022 அக்டோபரில் அதை எழுதி வைத்தது: 2018 முதல் 2021 வரையான நான்கு ஆண்டுச் சராசரி லாபத்தில் 120 விழுக்காட்டைத் தாண்டும் தொகைக்குக் குறைந்தது 33 விழுக்காடு பங்களிப்பு. பிரிட்டன் அதே ஆண்டு மே மாதம் வடகடல் எண்ணெய், எரிவாயு லாபத்துக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்து, பின்னர் 35 ஆகவும் 38 ஆகவும் உயர்த்தியது. சராசரியைக் கொண்டு அளந்தால் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும், நிறுவனமும் நொடிக்காது. அமெரிக்கா 1980இல் கொண்டுவந்த வரியோ, பெயரில் லாபத்தை வைத்துக்கொண்டு பீப்பாய் விலையின் மேல் விதிக்கப்பட்டது, 1988இல் கைவிடப்பட்டது. நம் 2022 வரியும் டன் கணக்கில் போட்டதுதான்.

இப்போது இந்த ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். கச்சா விலை சரிந்த வேளையில், ஏப்ரல் 8 முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தினீர்கள். பங்க் விலை மாறாது, நிறுவனங்களே ஏற்றுக்கொள்ளும் என்று அரசு சொன்னது. அப்படியே நடந்தது. அதன் பொருள், நிறுவனங்களிடம் அளவுக்கு மிஞ்சிய லாபம் இருக்கிறது என்பதையும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அரசே ஒப்புக்கொள்கிறது என்பதுதான். எடுத்த முறையில்தான் எனக்கு அச்சம். லாபத்தில் விழுந்த வரி, லாபம் குறையும்போது தானும் குறையும். லிட்டரில் உட்கார்ந்த வரி எழுந்து போவதில்லை. கொரோனா முடக்கத்தில் எண்ணெய் விலை விழுந்து கிடந்த 2020 மே மாதம், ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றப்பட்டன. அன்றும் பங்க் விலை மாறவில்லை. நாங்களும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு கச்சா விலை மீண்டபோது அந்த வரி அங்கேயே இருந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அந்த நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் தாங்கள் வரியைக் குறைத்தீர்கள். மே மாதக் குறைப்பால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வருவாய் போகும் என்றும் சொன்னீர்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனாலும் 2020 மே முதல் 2021 நவம்பர் வரையான அந்தப் பதினெட்டு மாதங்களில் எழுதிய பேரேடுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் டீசலுக்குக் கழித்த தொகை எவருக்கும் திரும்பி வரவில்லை. இப்போது ஏறிய 2 ரூபாயும் நாளை கச்சா விலை 90 டாலருக்குப் போகும்போது யார் தலையில் இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

மாநிலப் பங்கைப் பற்றி. துறைமுகத்திலிருந்து திருவாரூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் நரிமணம். அங்கே வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அந்த மண்ணில் எடுக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை (ராயல்டி) தமிழ்நாட்டுக்கு வருகிறது. ஆனால் 2022இல் அதே எண்ணெயின் மீது விதித்த எதிர்பாராத லாப வரி, சிறப்புக் கூடுதல் கலால் வரி என்ற பெயரில் மேல்வரியாக விதிக்கப்பட்டதால், ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்கென நிதிக்குழு பரிந்துரைக்கும் பகிர்வுக்குள் வரவில்லை. முதல் ஆண்டில் சுமார் 25,000 கோடியும் மறு ஆண்டில் சுமார் 13,000 கோடியும் வந்த அந்த வரியில், கிணறு இருக்கும் மாநிலத்துக்கும் பங்கில்லை, டீசலை அதிகம் எரிக்கும் மாநிலத்துக்கும் பங்கில்லை. பங்க் டீசலிலும் 2022 மே குறைப்புக்குப் பின் இருந்த 15 ரூபாய் 80 காசில், மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மீதியெல்லாம் செஸ், மேல்வரி.

மாநில அரசின் பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2021 தேர்தலில் வென்ற திமுக, பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாக வாக்களித்தது. பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசல் வாக்குறுதியை நாங்கள் மறக்கவில்லை, அதைச் சென்னையிடம் தனியே கேட்போம்.

அரசே பெரும்பங்குதாரர், லாபம் ஈவுத்தொகையாகத் தானே திரும்பி வருகிறது, பிறகு வரி எதற்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்தியன் ஆயிலில் அரசின் பங்கு பாதியைச் சற்றே தாண்டுகிறது. மீதி ஈவு பிறருக்குப் போகிறது; அரசுக்கு வருவதும் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. தனியார் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. வரி விதித்தால் புதிய கிணறு தோண்ட முதலீடு வராது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. நம் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்ற நிலையில் அதை அலட்சியம் செய்ய முடியாது. அதற்கான விடையும் தங்கள் 2022 அறிவிப்பிலேயே இருந்தது. முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக எடுக்கும் எண்ணெய்க்கு வரி இல்லை என்றும், ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாய்க்குக் குறைவாக எடுத்த சிறு நிறுவனங்களுக்கு விலக்கு என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த இரண்டையும் சட்டத்தில் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வரும் மழைக்காலக் கூட்டத்தொடரில் இதற்கான மசோதாவைக் கொண்டுவாருங்கள். பல ஆண்டுச் சராசரி லாபத்தை அடிப்படையாக வையுங்கள். எடுப்பவர், சுத்திகரிப்பவர், விற்பவர் மூவரையும் அதற்குள் கொண்டுவாருங்கள். அதை மாநிலங்களோடு பகிர்வதற்குரிய வரியாக விதியுங்கள். அதில் வரும் தொகையில் ஒரு பகுதியை, கச்சா விலை உயரும் மாதங்களில் மீன்பிடிப் படகுகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் டீசல் வரிச் சலுகையாகத் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்தச் சட்டம் வரும் நாளில், இந்த ஏப்ரலில் லிட்டரில் ஏற்றிய 2 ரூபாயை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. அன்று காலையிலிருந்தே படகுகள் டீசல் பிடிக்க வரிசையில் நிற்கும். நான் புதுப் பேரேடு திறந்து, ஒவ்வொரு படகின் பெயருக்குக் கீழும் வழக்கம்போல டீசலை முதலில் எழுதுவேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

பணிவுடன்,
நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தின் படகுக் கணக்கர் ஒருவர்