அவர் போர்டு எழுதுபவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘மனநிலை பாதித்தவர் ரகளை’, ‘மனநோயாளி மீட்பு’ என்று தலைப்புகள் வரும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்துவிடும். 2019இல் ஒரு நாளிதழில் அவரும் அப்படி வந்தார். உங்கள் நாளிதழ் அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்த படம். கீழே, ‘மனநிலை பாதித்த 47 வயது ஆண்.’

அவர் போர்டு எழுதுபவர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் எங்கள் கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் அவர் எழுத்து இல்லாத கடைத்தெரு கிடையாது. சாக்பீஸ் தூள் தேய்த்த நூலை போர்டின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். மறுமுனையைப் பிடிப்பது சின்ன வயதில் என் வேலை. கோடு விழுந்ததும் நேராக எனாமல் பெயிண்ட்தான், எழுதிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. ‘ழ’ வரும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். அந்தக் கீழ்ச்சுழியைப் பிரஷ் எடுக்காமல் ஒரே இழுப்பில் முடித்த பிறகுதான் மூச்சு விடுவார்.

1998இல், 26 வயதில், அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொன்னார். அம்மா போட்ட சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் போகும் குணசீலம் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் தங்கினோம். டாக்டரிடம் போனது அப்புறம்தான். மாத்திரையில் குரல்கள் அடங்கின, ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. போர்டு எழுதுகிறவருக்குக் கை போனால் என்ன மிச்சம்? யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டார். திரும்பவும் குரல்கள், திரும்பவும் ஆஸ்பத்திரி. இப்படி மூன்று தடவை.

ஒருநாள் அவர் கோணலாக எழுதிய பலகையையே தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று சேர்த்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தினால் திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டு நாலு வருஷம் போய்விட்டது.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், முதுநகரில் புதுப் படகுகள் வந்தபோது பல படகுகளுக்கு அவர்தான் பெயர் எழுதினார். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ‘கலைஞன் என்றால் கொஞ்சம் அப்படித்தான்’ என்று சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. நோய் முற்றியிருந்த மாதங்களில் அவரால் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை. எழுதியதெல்லாம் நன்றாக இருந்த நாட்களில்தான்.

அம்மா போன பிறகு மாத்திரை விட்டுப்போய், அதில்தான் 2019இல் அந்தப் படம் வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அவர் எட்டு நாள் வாசலுக்கே வரவில்லை.

படம் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ‘மனநோயாளி’ என்று போடுகிற இடத்தில் தச்சர், டெய்லர், டீச்சர் என்று அவர் செய்த வேலையைப் போடுங்கள். கூடவே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் போடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இல்லை.

அண்ணன் 2020இல் மாரடைப்பில் காலமானார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடையில், ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் அவர் எழுதிய பழைய போர்டு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆறடி நீளம். கூடத்தில் காலண்டர்களை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.